மணப்பெண்ணின் தோளில் மண்டையோடு

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். எழுபதுகளில் மணப்பெண்களை நிமிர்ந்து பார்க்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். மாமல்லபுரத்தில் பார்த்த ஒருத்தி மட்டும் வேறு. செங்கல்பட்டுக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். மணையிலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறுத்துவிட்டு, அதைப் புறங்கையால் ஏற்றிவிட்டபடியே இருந்தாள்.

பந்தல் வாழைமரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் மண்டையோடு தெரிந்தது.

“அபசகுனமா கீது. தாலி கட்ட வாணாம்,” என்றார் மாப்பிள்ளையின் மாமா.

அவள் எழுந்துபோய்ப் பூச்சியைக் கையில் ஏந்தினாள்.

“மண்டையோடு இல்ல மாமா, வெறும் முடி. இந்தப் பேரினத்துல மொத்தமே மூணு இனம்தான். மூணுக்கும் முதுகுல இதே அடையாளம், பின்னிறக்கையில மஞ்சப் பட்டை, குட்டையா தடிச்ச உறிஞ்சுகுழல். தேன்கூட்ல பூந்து திருடித் தின்னும். இதுக்கும் சாவுக்கும் இன்னா சம்பந்தம்?”

பூச்சி கீச்சென்று கத்தியது. மாமா பின்னால் நகர்ந்தார். அவள் அதைத் தோளில் விட்டுக்கொண்டு மணையில் அமர்ந்தாள்.

“அத்த எடுத்துடும்மா, போட்டோ புடிக்கணும்,” என்றேன்.

“அதையும் சேத்துப் புடிண்ணா.”

பிடித்தேன். தாலியை ஏந்திய மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் அந்தப் படத்தில் பூச்சியைத்தான் பார்க்கிறார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.