மன்ரோ தெரு முனையைச் சொன்னவள்

வாரத்தில் ஆறு நாள் நசாரியா குவாட்லே ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். ஏழாவது நாள் பெயர்களைப் படித்தாள். அமெரிக்காவின் பஸேயிக் நகரத்திலிருக்கும், மெக்ஸிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் அவளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரலை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவள் மைக்செட் வைத்திருந்தாள். நான்கு பெரிய பெட்டிகள், ஒரு மடிக்கணினி, குரலை இழுத்து எதிரொலிக்க வைக்கும் ஒரு சின்னக் கருவி, ஒரு மைக். ஞானஸ்நானம், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள், கல்யாணம் என்று எதற்கு அழைத்தாலும் போவாள். கும்பியா என்ற ஆட்டப் பாட்டை வேகம் குறைத்துப் போட்டு, அதன் மேல் பேசுவாள். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே மேசைக்கு வந்து சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அட்டையில் எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். "சான் லூக்காஸில் இருக்கும் எங்கள் அம்மா பிரிஸ்கிலியானாவுக்கு, கோழிக் கம்பெனியில் வேலை செய்யும் மூன்று பிள்ளைகளின் வாழ்த்து." இப்படித்தான் இருக்கும். ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். ஒரு பெயரை விட்டுவிட்டால் அடுத்த வாரம் கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

முன்பெல்லாம் அதைக் குறுந்தகட்டில் பதிந்து ஊருக்கு அனுப்புவார்கள். இப்போது போனை ஒரு கம்பியில் மாட்டி நேரலையாக விட்டால் போதும். இங்கே அவள் படிக்கிற அதே நிமிடத்தில் அங்கே மளிகைக் கடைகளிலும் சமையலறைகளிலும் கேட்பார்கள்.

அந்த வேலை அவளுக்கு ஏன் பிடித்தது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது அவளுடைய அண்ணன் ஒதிலியோ எல்லை தாண்டி வடக்கே போனான். ஒன்றரை வருடம் எந்தத் தகவலும் இல்லை. பாலைவனத்திலேயே போய்விட்டான் என்று வீட்டில் எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள், வாய்விட்டு மட்டும் யாரும் சொல்லவில்லை. பிறகு யாரோ கொண்டுவந்த ஒரு குறுந்தகட்டை மளிகைக் கடையில் போட்டார்கள். நடுவில் முன்பின் தெரியாத ஒரு ஆண்குரல், "சான் லூக்காஸில் இருக்கும் தங்கை நசாரியாவுக்கு, அண்ணன் ஒதிலியோவின் வாழ்த்து" என்றது. அண்ணன் உயிரோடு இருப்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்த வருடம் அவளும் கிளம்பி வந்தாள். வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இன்னும் இங்கே தங்குவதற்கான காகிதம் எதுவும் கிடையாது.

முதன்முதலில் அவள் மைக்கைப் பிடித்தபோது, "பொம்பள மைக்செட்டா? பாட்டுக்கு நடுவுல சமையல் குறிப்பு சொல்லுவாளோ?" என்று ஒருவன் கேட்டான். "சொல்றேன், உன் பேரை எழுதிக் குடு. பொண்டாட்டிகிட்ட உதை வாங்காம இருக்குறது எப்படின்னு சேர்த்துச் சொல்றேன்" என்றாள் எதிரொலியோடு. அந்தக் கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் அவளைச் சீண்டவில்லை.

அந்த வருடம் ஜனவரி மாதம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

குடியேற்ற அதிகாரிகளை அங்கே எல்லோரும் மிக்ரா என்பார்கள். மிக்ரா அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஊராக வந்து காகிதம் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான். கூரை வேலைக்குப் போகிற எலெயூதேரியோ என்பவன் ஆடிக்கொண்டே வந்து ஒரு சீட்டு வைத்தான். "தினமும் காலை ஆறு மணிக்கு மன்ரோ தெரு முனையில் வேனுக்காக நடுங்கிக்கொண்டு நிற்கும் கூரைக்கார வீரர்களுக்கு." நசாரியா படித்தாள். கூட்டம் சிரித்தது. சிரித்ததால் இன்னொரு முறை, மணியையும் முனையையும் நன்றாக இழுத்துப் படித்தாள். போன் நேரலையில் இருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த முனையில் இரண்டு கார்கள் வந்து நின்றன. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எலெயூதேரியோ அதில் ஒருவன்.

அவர்கள் நேரலையைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த முனையில் ஆட்கள் நிற்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் ரொட்டிக்கடையில் நசாரியா நுழைந்தால் பேச்சு நின்றது. "அவ வாயாலதான் போனாங்க" என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சீட்டை எழுதியது எலெயூதேரியோவேதான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே கிடக்கிறவன் மீது பழியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. சலவை ஆலையில் விரிப்புகளை மடிக்கும்போதும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறையோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் இரண்டாவது முறை படித்தாள்? ஒரு சிரிப்புக்காக.

ஏற்கெனவே பேசி வைத்திருந்த விழாக்களுக்கு இரண்டு பேர் அவளை வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாக ஒரு ஞானஸ்நான விழா மிச்சமிருந்தது. டயர் கடை மாடியிலிருக்கும் கூடத்தில். கூடத்துக்காரர் அபுந்தியோ போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பாட்டு மட்டும் போடு. பேரு கிடையாது, தெரு கிடையாது, நேரலை கிடையாது."

"அப்ப எதுக்கண்ணே மைக்கு?"

"சாப்பாடு ரெடின்னு சொல்றதுக்கு."

அந்த விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், சலவை ஆலை வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். எலெயூதேரியோவின் மனைவி ரெமேதியோஸ். இடுப்பிலிருந்த குழந்தையைத் தன் கோட்டுக்குள்ளேயே வைத்து மூடியிருந்தாள். நசாரியா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தாள்.

"நில்லுங்கக்கா. திட்ட வரல."

"திட்டு. வாங்கிக்கிறேன்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அவர எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியலக்கா. முதல் நாள் ஒரு போன் வந்துச்சு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்ல பேரப் போட்டா அப்படி ஒரு ஆளே இல்லங்குது. வக்கீலு பொறுத்திருங்குறாரு. மூணு வாரமா பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"நாளைக்கு நேரலைல அவர் பேரச் சொல்லுங்க. புடிச்சுத் திருப்பி அனுப்பின ஆளுங்க அத்தன பேரும் ஊர்ல உக்காந்து உங்களத்தான பாக்குறாங்க? ஒருத்தனாவது உள்ள அவரப் பாத்திருப்பான். நானும் என் போன்ல போட்டுப் பாத்துட்டேன். என் சொந்தக்காரங்க நாப்பது பேரு பாத்து அழுதாங்க. வேற ஒண்ணும் நடக்கல."

"நேரலை கூடாதுன்னு அபுந்தியோ அண்ணன் சொல்லிட்டாரும்மா. எனக்கும் பயமா இருக்கு."

ரெமேதியோஸ் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். குரல் உயரவில்லை.

"நிக்கிற இடத்தச் சொன்னீங்கல்ல? இப்ப எங்க இருக்காருன்னு கேளுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் நசாரியா மகளிடம் சொன்னாள். இவெத்துக்குப் பத்தொன்பது வயது. பஸேயிக்கிலேயே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை. அம்மாவுடைய பாட்டுகளைக் கேட்டால் காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறவள், யாராவது அந்தப் பாட்டுகளைக் கேலி செய்தால் மட்டும் சண்டைக்குப் போவாள்.

"உனக்கென்ன பைத்தியமா? உன் மூஞ்சி, உன் குரல், உன் பேரு, மூணையும் சேத்து நீயே குடுக்குறியா?"

"குரல் ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்குடி."

"எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு. உங்கிட்ட எக்கோ மிஷின்தான் இருக்கு. அதக் காட்டினா விட்டுடுவாங்களா?"

நசாரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இவெத் சிரிக்கவில்லை.

"உன்னப் புடிச்சிட்டுப் போனா நான் என்னம்மா பண்ணுவேன்? நான் சீட்டு எழுதி யார்கிட்ட குடுப்பேன்?"

நசாரியா தட்டைக் கழுவினாள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். பிறகு போய் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விலக்கினாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. குழந்தையின் ஞானத்தந்தை வழக்கப்படி சில்லறையை வாரி இறைத்தார், பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். வான்கோழியும் மோலே குழம்பும் பரிமாறினார்கள். பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஆட்டத்தில் உயிர் இல்லை. பழக்கத்தை விட முடியாமல் சிலர் சீட்டு எழுதி வைத்தார்கள். "நீலச் சட்டைக்கு, பச்சைப் பாவாடையின் வாழ்த்து." "யாரோ ஒருத்தருக்கு, வேறு யாரோ ஒருத்தரின் வாழ்த்து." நசாரியா படித்தாள்.

"என்ன நசாரியா, இன்னிக்கு ஊமைப் படமா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "எம்பேரச் சொல்லு, எனக்கென்ன பயம்? என்னப் புடிச்சா மாத்திரை வாங்கிக் குடுத்தே அவங்க திவாலாயிடுவாங்க."

அப்போதுதான் கதவருகே ரெமேதியோஸ் வந்து நின்றாள். யாரும் அவளை அழைக்கவில்லை. அந்த விழாக்களுக்கு யாரையும் தனியாக அழைப்பதும் கிடையாது. கையில் ஒரு அட்டை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மேசைப் பக்கம் வரவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

நசாரியா பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நான் என்னை மட்டும்தான் காட்டப் போறேன். இருந்தாலும் வேண்டாம்னு தோணுறவங்க இப்பவே கீழ போயிடுங்க. எல்லாரும் போற வரைக்கும் ஆரம்பிக்க மாட்டேன்."

அபுந்தியோ ஓடிவந்தார். "சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கலண்ணே. ஒரே பாட்டு. அப்புறம் நானே மூட்டை கட்டிடுறேன்."

"என் கூடத்துக்கு ஆளு வந்தா?"

"உங்க பேரச் சொல்ல மாட்டேன். ஜன்னலக்கூடக் காட்ட மாட்டேன்."

குழந்தையின் பெற்றோர் முதலில் கிளம்பினார்கள். தாய் ஞானஸ்நான உடையோடு குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, நசாரியாவின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள். பாதிக் கூடம் காலியானது. கோட்டுகளைத் தேடுகிறவர்கள், காலடி ஓசை, கதவு மூடும் சத்தம் எல்லாம் முடியும்வரை நசாரியா காத்திருந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெறும் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனைத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை வருடத்தில் அவள் முகம் நேரலையில் வந்தது அன்றுதான்.

எதிரொலிக் கருவியை அணைத்துவிட்டுப் பேசினாள்.

"என் பேரு நசாரியா குவாட்லே. சான் லூக்காஸ்காரி. மூணு வாரத்துக்கு முன்ன ஒரு தெரு முனையையும் மணியையும் ரெண்டு தடவ சொன்னது நான்தான். இன்னிக்கு ஒரே ஒரு வாழ்த்து. எலெயூதேரியோ தெலோஷ்பா, முப்பத்து நாலு வயசு, கூரை வேலை, இடது கையில தார் பட்ட தழும்பு இருக்கும். அவரோட பொண்டாட்டி ரெமேதியோஸ் கேக்குறா. உள்ள இருந்து வந்தவங்க யாராவது அவரப் பாத்தீங்களா? எங்க பாத்தீங்க? எழுதுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

பாட்டை உயர்த்தினாள். திரையில் இதயங்கள் பறந்தன, கும்பிட்ட கைகள் வந்தன. பதில் வரவில்லை. பாட்டு முடிந்தது. ஒரே பாட்டு என்று சொல்லியிருந்தாள். அபுந்தியோ சுவரிலிருந்த பிளக்குக்கு அருகில் போய் அதன் மீது கை வைத்துக்கொண்டு நின்றார். நசாரியா அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டைப் போட்டாள். அவர் பிடுங்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு வரி வந்தது. எழுதியவள் மலைப்பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி. "என் மகனை வியாழக்கிழமை திருப்பி அனுப்பினார்கள். லூயிசியானா சிறையில் கையில் தழும்போடு ஒரு கூரைக்காரர் பக்கத்துப் படுக்கையில் இருந்தாராம். மூன்று இடம் மாற்றிக் கொண்டுவந்தார்களாம். மகன் பக்கத்தில்தான் இருக்கிறான், எண் கொடுங்கள்."

ரெமேதியோஸ் தன் எண்ணை ஒரு சீட்டில் எழுதினாள். நசாரியா அதை உரக்கப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தனியாக அனுப்பிவிட்டு நேரலையை அணைத்தாள்.

அன்று மாலையே இவெத் ஒரு நண்பனின் வண்டியோடு வந்து பெட்டிகளை ஏற்றினாள். பக்கத்து ஊரான பேட்டர்சனில் சிநேகிதி வீட்டுப் பின்னறையில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டாள். இறங்கும்போது, "தலைமுடியாவது சீவிட்டு நின்னிருக்கலாம்மா, ஆயிரத்து நானூறு பேரு பாத்திருக்காங்க" என்றாள், அழுதுகொண்டே.

நசாரியா சலவை ஆலைக்கு வேறு பேருந்தில், வேறு நேரத்தில் போய்வந்தாள். வாசலில் தெரியாத கார் நின்றால் இரண்டு தெரு சுற்றிப் போனாள். யாரும் வரவில்லை. வராமல் இருப்பதும் அவளுக்கு நிம்மதியாக இல்லை. நேற்று வரவில்லை என்பதற்காக நாளை வராமல் இருப்பார்களா?

வெள்ளிக்கிழமை ரெமேதியோஸ் போன் செய்தாள். வக்கீல் அந்தச் சிறையில் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார், நேற்று எலெயூதேரியோ பேசினான், இருமல் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான், வழக்கு என்ன ஆகுமோ தெரியாது.

"யாரு கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டாருக்கா. நீங்கதான்னு சொன்னேன்."

நசாரியா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "என்ன சொன்னாரு?"

"என்ன பாட்டு போட்டாங்கன்னு கேட்டாரு."

"எம்மேல கோவமா இருக்காரா?"

"தெரியலக்கா. அதுக்குள்ள போன் நேரம் முடிஞ்சிடுச்சு."