செங்கல் லோடுக்குள் வந்தவள்

தையற்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு வரும் துணியை மட்டுமில்லை, ஆட்களையும் ஒரு பார்வையில் அளந்து பேர் வைத்துவிடுவாள். புருஷனின் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த சில நாளிலேயே அவளுக்கும் ஒரு பேர் கிடைத்தது: கல்லுளிமங்கி.

பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. கேட்டால் பதில் வராது. வந்தாலும் பாதிதான் வரும். பட்டன் தைக்கச் சொன்னால், நிறுத்தச் சொல்லும்வரை தைத்துக்கொண்டே இருப்பாள். பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தண்ணி குடிக்கட்டுமா?" என்பாள். "இதுக்கெல்லாமா கேப்பாங்க? உங்க தம்பி வீடுதானேக்கா இது!" என்று தையற்காரி தலையில் அடித்துக்கொள்வாள். மறுநாளும் அதே கேள்வி வரும். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தையற்காரிக்குப் பொழுதில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற சமயம், தலைக்கு மேல் வேலை.

அடிமை என்ற சொல்லைத் தையற்காரி பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். சரித்திரப் பாடத்தில் ஒரு பக்கம். கப்பல், சந்தை, சங்கிலி, கடைசியில் ஒரு சட்டம். சட்டம் வந்ததும் பாடம் முடிந்துவிட்டது, பரீட்சையும் எழுதியாயிற்று. நாடகத்திலும் பார்த்திருக்கிறாள். அதில் அடிமை வேஷம் போட்டவன் நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜிப்பான், அட்டைச் சங்கிலி அறுந்து விழும், ஜனம் கைதட்டும். நாத்தனாரின் கையிலோ காலிலோ சங்கிலித் தடம் எதுவும் இல்லை. அவள் இருந்த செங்கல் சூளைக்கு வெளிப்பக்கம் பூட்டுகிற கதவு இருந்தது, மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. சங்கிலிக்கு அங்கே வேலையில்லை.

வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அவளையும் அவள் புருஷனையும் அந்தச் சூளைக்கு அழைத்துப் போனார்கள். வேலை இருந்தது, அதில் பொய்யில்லை. மண் குழைப்பது, அச்சில் அறுப்பது, காயவைப்பது, சுட்டதை லாரியில் அடுக்குவது. விட்டுவிட்டு வரத்தான் முடியவில்லை. ஒருதரம் ஓடிப் பார்த்தார்கள். பிடித்து வந்து அவளுக்கு மொட்டையடித்தார்கள், அவனை எல்லார் முன்னாலும் அடித்தார்கள். முடி வளர்ந்தது, மறுபடியும் ஓடினார்கள், மறுபடியும் மொட்டை.

கடைசியில் அவள் தப்பிய கதை அவள் வாயிலிருந்து வரவில்லை. வழக்கை விசாரித்த அதிகாரி சொல்லித்தான் தையற்காரிக்குத் தெரிந்தது. லாரியில் அடுக்குவது புருஷன் பெண்டாட்டி இருவரின் வேலை. ஒருநாள் நடுவில் ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு இடம் விட்டுச் சுற்றிலும் அடுக்கினார்கள். சரிந்தால் உள்ளே இருப்பவர் கூழ். கல்லுக்குக் கல் மாற்றிப் பிடி கொடுத்து, மேலே பலகை போட்டு, அதற்கும் மேலே அடுக்கி, சின்னதாக ஓர் அறையே கட்டிவிட்டார்கள். மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு லோடு அசையாமல் நிற்கிறதே என்று மெச்சினாராம். ஆனால் ஒரு சங்கடம். கடைசி வரியை வெளியிலிருந்துதான் அடைக்க முடியும். அதற்கு ஒருவர் வெளியே நின்றாக வேண்டும். "நீ போ. எனக்கு அடுக்கத்தான் தெரியும், உனக்குப் பேசத் தெரியும்" என்று சொல்லி அவளை உள்ளே உட்காரவைத்து, அவன் கல்லை வைத்து மூடினான்.

அதைக் கேட்ட அன்று தையற்காரிக்கு மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை. பேசத் தெரிந்தவள் என்று நம்பி ஒருவன் அனுப்பிவைத்தவளுக்கா கல்லுளிமங்கி என்று பேர் வைத்தோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

அவள் பேசத்தான் செய்தாள். லாரியில் கல் இறக்கிய இடத்தில் வெளியே வந்து, கண்ட கதவையெல்லாம் தட்டி, கேட்காதவர்களையும் கேட்கவைத்தாள். ஆனால் அதிகாரிகள் போய்ச் சேர்ந்தபோது சூளை காலி. ஆட்களை வேறெங்கோ கொண்டுபோயிருந்தார்கள். அவள் புருஷன் இருக்கிறானா, இல்லையா, ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி ஊரில் பெரிய மனிதர். "அந்தச் சூளை எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் பேரச் சொல்லி எவனோ நடத்தியிருக்கான்" என்று ஒரே சாதிப்பு. இனி எல்லாம் அடையாள அணிவகுப்பில் இருந்தது. வரிசையில் நிற்பவர்களில் அவரை அவள் தொட்டுக் காட்டினால் வழக்கு நிற்கும், புருஷனைத் தேட வழி பிறக்கும். தவறினால் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

அணிவகுப்பு நாளன்று காலை கிளம்பும்போது தையற்காரி சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

"ஆளு எப்படிக்கா இருப்பாரு? கறுப்பா, செவப்பா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"பாத்ததில்ல. அவரு வந்தா நாங்க தலையத் தூக்கக் கூடாது. தூக்கினா அடி விழும். ஒருநாளும் மூஞ்சியப் பாத்ததில்ல."

"ஐயோ, இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

முதலாளியின் முகம் தெரியுமா என்று கேட்க அத்தனை அதிகாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரியாமல் இருக்கும் என்று யார் கண்டார்கள்? நாத்தனாருக்கோ, அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. தையற்காரி ஓடிப்போய், அளவு வெட்ட வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டைக் கலைத்தாள். ஏதோ திறப்பு விழாவில் அவர் நிற்கிற படம் ஒன்று அதில் இருந்தது. சட்டைக் கழுத்துக்கு வெட்டியது போக முகம் மட்டும் தப்பியிருந்தது.

"இந்தாங்கக்கா, ஒரு தரம் பாத்துக்குங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

நாத்தனார் அதை வாங்கி, பார்க்காமலே மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "பாத்ததச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்க. பாக்காதத பாத்தேன்னு சொன்னா, அவரு பொய்யும் என் பொய்யும் ஒண்ணாப் போயிடும்."

"உங்க வீட்டுக்காரரு உசுரு இதுலதானேக்கா இருக்கு!"

"அதனாலதான்."

தையற்காரி படத்தைப் பேப்பர்க் கட்டுக்குள் செருகிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

அணிவகுப்பு நடந்த கூடம் நீளமாக, வெள்ளையடித்த சுவரோடு இருந்தது. துணைக்கு வந்தவள் என்று தையற்காரியை வாசலோரம் உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே உடல்வாகில் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி ரப்பர் செருப்பு. அவர் எங்கே நிற்கிறார் என்று தையற்காரிக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் கண் போய்விடாமல் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தர் முகத்தையும் நல்லாப் பாத்துச் சொல்லும்மா" என்றார் அதை நடத்த வந்த நீதிபதி.

"மூஞ்சி எனக்குத் தெரியாதுங்கய்யா."

முதலாளியின் வக்கீல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"காலு தெரியும்" என்றாள்.

பிறகு சொன்னாள். தையற்காரி அவள் இவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை. அறுத்துப் போட்ட ஈரக்கல் சரியில்லை என்றால் முதலாளி ஏறி மிதிப்பார். உசத்தியான செருப்பு, சேறு படக் கூடாது, அதனால் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மிதிப்பார். மிதித்து முடித்ததும் காலை நீட்டுவார். எவள் அறுத்த கல்லோ அவள்தான் கழுவிவிட வேண்டும். "எத்தன தரம் கழுவியிருப்பேன்னு கணக்கே இல்லீங்க. எடது சுண்டுவெரல்ல நகம் கெடையாது, பக்கத்து வெரல் மேல ஏறியிருக்கும். உள்ளங்கால் நடுவுல ஒரு தழும்பு. தடவினா பள்ளமா இருக்கும்." இவ்வளவையும் வரிசைக்கு முதுகு காட்டி நின்றபடி சொன்னாள். நீதிபதி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையோடு நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். "எடது காலத் தூக்குங்க" என்றார் நீதிபதி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காலைத் தூக்கினார். உள்ளங்காலில் தழும்பு இருந்தது.

"தொட்டுக் காட்டணும்மா."

நாத்தனாரின் முழங்கால் தானாக மடங்குவதைத் தையற்காரி பார்த்தாள். இடுப்பு குனிந்தது, கை அந்தக் காலை நோக்கிப் போயிற்று. வேண்டாங்கா, வேண்டாம் என்று கத்த வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். தன் கையைத் தானே பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அவருடைய இடுப்பு, சட்டைப் பட்டன், தொண்டை என்று அவள் பார்வை ஏறி, கடைசியில் முகத்துக்கு வந்தது. முதல்முறையாக அந்த முகத்தை, அவசரமே இல்லாமல், கண் காது மூக்கு என்று முழுக்கப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை எடுத்து அவர் தோள்மேல் வைத்தாள்.

தையற்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்பேர்ப்பட்டவளோடா இத்தனை நாளாக ஒரே பானைச் சோற்றைத் தின்று ஒரே பாயில் படுத்தோம் என்று பிரமிப்பாக இருந்தது.

"இவருதாங்கய்யா" என்றாள் நாத்தனார். கையை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "என் வீட்டுக்காரர எங்க வெச்சிருக்க?"

முகத்துக்கு நேரே யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலும். மனிதர் வெலவெலத்துப் போனார். வாய் அதன் போக்கில் திறந்துகொண்டது.

"உசுரோடதான் இருக்கான்" என்றார்.

நீதிபதியின் பேனா நின்றது. வக்கீல் எழுந்துவிட்டார். யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள், அவனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்கத் தொடங்கினார். நாத்தனாருக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையற்காரி யாரையும் கேட்காமல் உள்ளே ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இருக்காரும்மா" என்று நாத்தனார் வாய்விட்டு அழுதாள். "இருக்காராம்."