எட்டு போட்டவன் இறங்கிய மலை

பிரேக் கருகும் வாடை எங்கே வந்தாலும் என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.

போன வருடம், ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி வீட்டு விசேஷம் முடிந்து, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போடிமெட்டிலிருந்து பைக்கில் இறங்கினேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன்: இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டேன். காற்று மட்டும் பேசிக்கொண்டு வந்தது. பாதி மலையில் அந்த வாடை. அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துக்குப் பயந்து பாறைப் பக்கம் சாய்த்தேன். எனக்குச் சிராய்ப்பு, அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

போடி மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸ் இருக்காண்ணே?" என்றார்.

இருபது வருடமாக இருக்கிறது. சமதள மைதானத்தில், கால் ஊன்றாமல் ஒரு எட்டு போட்டு வாங்கியது.

"எட்டு போட்டீக, சரி. இறக்கத்துல கியருதான் பாதி பிரேக்குன்னு சொல்லிக் குடுத்தவுக ஒருத்தரும் இல்லையாக்கும்?"

இல்லை. மலையடிவாரத்து ஊரில் நடக்கும் தேர்வில் மலையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நானும் கேட்டதில்லை.

இப்போது இன்ஜினை அணைப்பதில்லை. இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன், தனியாக. போன மாதம் போடிமெட்டில், பஸ் படியில் நின்றபடி அவள் சொன்னாள்:

"நீங்க கியர்லயே வாங்க. நான் பஸ்ஸுல வந்துர்றேன்."