கழுத்தில் தொங்கிய சக் கீ

செங்கல்வராயன் லேத் என்னும் கடைசல் மிஷினைப் படித்துக் கற்றவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம், பக்கத்து மிஷின்காரர்களின் கையைப் பார்த்தே கற்றவர். பிறகு அங்கேயே ஒரு பயிற்சி நிலையத்தில் வாத்தியாரானார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பைக் கவ்வும் 'சக்'கைச் சாவியால் முறுக்கிவிட்டு, அந்தச் சாவியை அதிலேயே விட்டவர், அன்று முழுக்க அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மிஷின் சுழன்றால் அந்தச் சக் கீ குண்டுபோலப் பறக்கும்.

தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வந்தது. திரைக்குள்ளே ஒரு லேத். எண்களைத் தட்டினால் இரும்பு சுழலும், உளி சீவும். மோதினால் சிவப்பு எழுத்து வரும், மறுபடி தொடங்கலாம். ஒரு வருஷம் அதிலேயே பாடம் நடத்தினார். அந்த லேத்துக்குச் சக் கீ கிடையாது.

கம்பெனி சூப்பர்வைசர் பாஸ்கரன் ஆள் எடுக்க வந்த அன்று, மாணவி ஜரினா நிஜ மிஷினில் கடைந்து காட்ட வேண்டும். இரும்பை வைத்து முறுக்கினாள். "இரும்மா, இன்னொரு சுத்து" என்று செங்கல்வராயன் சாவியை வாங்கி இறுக்கினார். திரை முன் பழகிய அவர் கை, சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு நேராகச் சுவிட்சுக்குப் போயிற்று.

சக் கீ ஜரினாவின் காதோரம் பறந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்தது.

அப்போதுதான் திரும்பிய பாஸ்கரன், "இன்னாம்மா, சாவிய எடுக்கமாட்டியா? ஆளக் கொல்லவா வர்றே?" என்றார். பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

ஜரினா தலை குனிந்தாள். செங்கல்வராயன், பாஸ்கரனின் ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை உடைந்த கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஷிப்டு நேரத்தில், சக் கீ கழுத்தில் தொங்க, கம்பெனி வாசலில் போய் நின்றார். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் அவரிடம் தொழில் படித்தவர்கள்.

"இன்னா வாத்யாரே, தாலியா?" என்று ஒருவன் சிரித்தான்.

பாஸ்கரன் வந்ததும், "இறுக்குனது நான். சுவிட்சு போட்டதும் நான்" என்றார்.

"நேத்து அங்கயேதானே நின்னுகினு இருந்தீங்க, சொல்லாம?"

பாஸ்கரன் அவர் கழுத்திலிருந்த சாவியைப் பார்த்தார்.

"திங்கக்கெழம அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னபோது ஜரினா திரை முன் உட்கார்ந்திருந்தாள். "நீங்க வுட்டத நான் பாத்துகினுதான் சார் இருந்தேன். நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சாவியை விட்டதற்கு ஒரு நாள்தான் கணக்கு. அதற்கு மறுநாளும் அவர் அதை மாட்டிக்கொண்டே வகுப்புக்கு வந்தார்.