திங்கட்கிழமைப் படம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இயங்கிய அந்தச் சிறிய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் அவளுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. எந்தப் பெரிய நிறுவனத்தின் நிழலிலும் ஒதுங்காமல் தனித்து நடத்துவதில் முதலாளிக்குப் பெருமை. அந்தப் பெருமையை இப்போது தாங்கி நின்ற வாடிக்கையாளர் ஓர் அட்டைப்பெட்டி ஆலை மட்டுமே. அதுவும் கைவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஆலையின் முகநூல் பக்கத்தில் வாரம் முழுவதும் வர வேண்டிய பதிவுகளை வெள்ளிக்கிழமையே எழுதி, நாளும் நேரமும் குறித்துக் கணினியில் ஏற்றிவிடுவது அவள் வழக்கம். திங்கள்தோறும் காலை ஒன்பது மணிக்கு, 'நம் ஆலையின் முகம்' என்று ஒரு தொழிலாளியின் படம் தானாக வெளிவரும். இம்முறை இயந்திர ஓட்டுநர் ஒருவரை அவளே படமெடுத்திருந்தாள்.

"நான் சிரிச்சு என் பொண்டாட்டியே பார்த்ததில்ல. நீங்க கேக்குறீங்களேக்கா," என்றவர் கடைசியில் சிரித்தே விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை விடியலில் அவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ஆலையிலிருந்து அழைத்தவர்கள் "ஒரு தொழிலாளி" என்றார்களே தவிர, பெயரைச் சொல்லவில்லை. அவள் இரங்கல் அறிக்கையை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது மணி ஒன்பதாயிற்று. சிரித்த முகம் ஊரெங்கும் போயிற்று. அதன் கீழே, 'பாதுகாப்பே எங்கள் முதல் கடமை.'

"கண்ணு எங்கம்மா இருந்துச்சு உனக்கு?" என்றார் முதலாளி.

"அறிக்கையில இருந்துச்சுண்ணே."

"அங்க குதிக்கிறாங்க. அந்தப் படம் எங்கயுமே இருக்கக் கூடாதாம். இல்லேன்னா நாம வேணாமாம்."

முகநூல் பக்கத்திலிருந்து, கணினியிலிருந்து, கேமராவிலிருந்து, நகல் வைத்திருந்த வட்டிலிருந்து என ஒவ்வொன்றாகப் படத்தை அழித்தாள். ஆலை மனமிரங்கியது. நிறுவனம் பிழைத்தது.

அடுத்த வாரம் ஒரு பெண் படியேறி வந்தாள். இறந்தவரின் மனைவி.

"அவர் சிரிச்ச படம் ஒண்ணு போட்டிருந்தீங்களாமேக்கா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. வீட்டுல இருக்கறதெல்லாம் அடையாள அட்டைப் படம். எல்லாத்துலயும் நம்மள முறைச்சுட்டு நிக்கிறாரு."

முதலாளி செய்தித்தாளுக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவளோ இல்லை என்று தெரிந்தும் கோப்பு கோப்பாகத் திறந்து தேடினாள். வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

"இல்லம்மா. நான்தான் அழிச்சேன்."

வந்தவள் வெற்றுத் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நல்லா சிரிச்சாராக்கா?" என்றாள்.

"நல்லா சிரிச்சாரும்மா. மேல ஒரு பல்லு இல்ல."

"ஆமா. அதுக்குத்தான் வீட்டுல வாயை மூடியே வெச்சிருப்பாரு," என்று சொல்லிவிட்டு, அவள் படியிறங்கிப் போனாள்.