கடைசியாகப் பேசிய பிரிண்டர்

சோம்பா நகரத்து விதை வாரிய அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவள் தமண்டானி. ஆட்களைவிடப் பெட்டிகளோடு பழகுவது அவளுக்குச் சுலபம். அப்படிப்பட்டவளையும் தொண்டை கட்டுமளவுக்குப் பேசவைத்துவிட்டன இரண்டு பிரிண்டர்கள்.

இரண்டும் ஒரே கடையில் மலிவாக வாங்கியவை. ஒன்று இயக்குநர் கலுவாவின் அறைக்குப் போனது. மற்றொன்று, அன்றன்றைய சாப்பாட்டு விவரத்தை அச்சடித்து ஒட்ட, கேன்டீன் நடத்தும் நாச்சிசாலே அம்மாளுக்கு.

முதல் வாரமே குமாஸ்தா கோமானியை வடக்கே கரோங்காவுக்கு மாற்றும் உத்தரவை கலுவா அச்சுக்கு அனுப்பினார். அது கேன்டீனில் வந்து விழுந்தது. நாச்சிசாலே அதைப் படித்துவிட்டு கோமானியின் தட்டில் இன்னொரு உருண்டை ந்சீமா, அதாவது மக்காச்சோளக் களி, வைத்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"கரோங்கா ரொம்ப தூரம்ப்பா. தெம்பா இரு."

அன்றே கேன்டீன் தாள் கலுவாவின் அறையில் வந்தது: 'வியாழன் அனைவருக்கும் பீன்ஸ். மீன் கிடையாது. கேட்க வேண்டாம்.' கலுவா எதையும் படித்துக் கையெழுத்திடுபவர் அல்ல. முத்திரை குத்தி எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மாவட்டங்களிலிருந்து பதில்கள் குவிந்தன: உத்தரவுப்படி பீன்ஸ் உண்ணப்பட்டது, மீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தமண்டானியைக் கூப்பிட்டார்கள். அவள் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி பதிப்பார்கள். இந்த இரண்டிலும் ஒரே முகவரி.

"ஐயா, எல்லா வயரும் சேருற சுவிட்ச்சுல ஒரு அட்டவணை இருக்கு. எந்த முகவரி எந்த வாசல் பக்கம்னு அதுவா கேட்டுக் கத்துக்கும். ரெண்டு பிரிண்டரும் ஒரே பேரச் சொல்லுது. யாரு கடைசியாப் பேசினாங்களோ, அந்த வாசலுக்கே எல்லாத்தையும் அனுப்பும்."

கலுவா யோசித்தார். "அப்போ என்னோடது விடாம பேசணும். அவ்வளவுதானே?"

"ஐயா, புதுசா ஒண்ணு வாங்கினா..."

"சமையல்காரிகிட்ட தோத்துட்டு புதுசு வாங்குறதா?"

கோமானியின் மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. இயக்குநர் அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சோதனைத் தாள் அடித்து பிரிண்டரைப் பேசவைப்பதே அவன் வேலையானது. விஷயம் தெரிந்த நாச்சிசாலேயும் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தன் பிரிண்டரின் பொத்தானுமாக நின்றாள். சுவிட்ச் பாவம், இவரா அவரா என்று நொடிக்கொரு முறை அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தது. விடுப்பு விண்ணப்பங்கள் காற்றடித்த பக்கம் போயின. கேன்டீனில் விழுந்தவற்றுக்கு நாச்சிசாலே "போயிட்டு வா, சாமி" என்று எழுதிக் கொடுத்தாள். ஊழியர்கள் கேன்டீன் வெல்ல வேண்டிப் பிரார்த்தித்தார்கள்.

காகிதம் தீர்ந்த அன்று தமண்டானி யாரையும் கேட்காமல் சுவிட்ச்சுக்குள் புகுந்து, அந்த முகவரி இயக்குநரின் வாசலுக்கே உரியது என்று நிரந்தரமாகப் பதித்துவிட்டாள். இனி யார் கத்தினாலும் அது மாறாது. கட்டடமே அமைதியானது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. பீன்ஸ் உத்தரவுக்குக் கிடைத்த முழுக் கீழ்ப்படிதல் இதுவரை எந்தச் சுற்றறிக்கைக்கும் கிடைத்ததில்லையாம், இப்படி ஒன்று வாராவாரம் வேண்டுமாம். கலுவா கேன்டீனுக்கு இறங்கி வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்.

"அம்மா, இந்த வாரம் என்ன போடலாம்?"

"பூசணி இலைன்னு போடுங்க. வேர்க்கடலைப் பொடி சேர்க்கச் சொல்லுங்க."

அவர் எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற தமண்டானியின் முறை வந்தது. நாச்சிசாலே, தன் பிரிண்டரின் வாயை அடைத்தவளை ஏற இறங்கப் பார்த்து, சட்டியைக் கிளறி, நல்ல துண்டுகளை ஒதுக்கிவிட்டு மீன் தலையை மட்டும் எடுத்து வைத்தாள்.