வாப்பாவுக்குக் காது பார்த்த நாள்

எங்கள் வாப்பாவுக்குக் காது கேட்காது என்பது நிந்தவூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் மற்றப் பாதிக்கும் தெரியாமலே போயிருக்கும்.

வாப்பா பத்துப் பன்னிரண்டு வருடம் நெல் மில்லில் மெசினோடு நின்றவர். காது ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அது போகப் போக, அவர் ஆட்களின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார். எதிரில் நிற்பவர் சிரித்தால் தானும் சிரிப்பார். வாய் அசைந்து ஓய்ந்தால் "ஓம்" என்பார். இதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

"ஒங்கட வாப்பாவப் போல தங்கமான மனிசன் இல்ல புள்ள. என்ன செல்லியும் ஓம் எண்டுதான் செல்லுவாரு, மறுத்து ஒரு கதை இல்ல" என்று சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் உம்மாவுக்குக் கேட்கவே சொல்லுவார். உம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

கடைத்தெருவுக்குப் போனால் நான் வாப்பாவுக்கு எதிரே நிற்பேன். கடைக்காரர் கேட்டதற்கு ஓம் சொல்ல வேண்டுமென்றால் என் இமை ஒருதரம் தாழும். இல்லையென்றால் உதடு உள்ளே மடியும். அதைப் பார்த்து வாப்பா பதில் சொல்லுவார். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் அவரும் பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. நடக்கும்போது கை வீசுகிற மாதிரி அது தானாக வந்தது. உம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஏன், எனக்கே தெரியாது.

நான் நாலாம் ஆண்டு படிக்கையில் மில்லில் ஒரு நாள் பெல்ட் கழன்றது. "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கூட நின்றவர் கத்தியிருக்கிறார். வாப்பா மெசினை ஓடவிட்டுக்கொண்டே நின்றார். அந்த மனிதருக்கு இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி நல்ல வார்த்தை சொல்லித்தான் வாப்பாவை வீட்டுக்கு அனுப்பினார். வாப்பா அதற்கும் ஓம் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. உம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று பேச்சானது. ஏஜென்சிக்காரர் வந்து பாஸ்போட் அலுவலை முடித்துக்கொடுத்தார். அந்த நேரத்தில்தான் கிராம சேவகர் ஒரு வழி சொன்னார். காது கேட்காது என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தால் மாதாமாதம் உதவிப் பணம் கிடைக்குமாம். பெரிய தொகை இல்லை. அதோடு விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்றால் சமாளித்துவிடலாம் என்று உம்மா நினைத்தார்.

"அந்தக் கடிதம் மட்டும் கிடைக்கட்டும், உம்மா ஒங்கள உட்டுட்டு ஒரு இடமும் போக மாட்டன்" என்று எனக்குத் தலை வாரும்போது சொன்னார். அந்த வாரம் நான் ஐந்து நேரத் தொழுகையையும் தவறவிடவில்லை.

ஆயத்தம் செய்யும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். உம்மாவின் தம்பி. எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு கூட்டாளியோடு வெளியே வருகிற ஆள். ஃபைல் ஒன்று வாங்கினார், எல்லாவற்றுக்கும் மும்மூன்று போட்டோக் கொப்பி எடுத்தார். கடைசியில் ஒத்திகையும் வைத்தார். வாப்பாவை முற்றத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்று கறிச்சட்டியில் கரண்டியால் அடித்தார். முன்னால் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. கோழிகளைப் பார்த்த வாப்பா மெதுவாகத் திரும்பினார்.

மாமா முன்னால் ஓடிவந்து குனிந்து, "கேட்டிச்சா மச்சான்?" என்றார்.

"ஓம்."

"அல்லாவே! ஓம் செல்லக்கூடா மச்சான். ஒரே ஒரு நாளைக்குச் செவிடனா இரிங்க. அடுத்த நாள் பழையபடி நீங்க ராசா."

வாப்பா சிரித்தார். மாமா சிரித்ததால் சிரித்தாரா, விளங்கித்தான் சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, "திரும்பவும் அடி தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று உம்மா வாப்பாவுக்குப் பழைய சேர்ட்டை எடுத்து வைத்தார். வாப்பா பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அதைப் பற்றிக் கதைக்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் நெடுநேரம் இருந்தோம். காது பார்க்கிற அறையிலிருந்து ஒரு இளம் பெண் எட்டிப் பார்த்து வாப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது மாமா அவரைத் தோளில் தொட்டு எழுப்பினார். அந்தப் பெண் சிரித்த முகத்துக்காரி. என்னைப் பார்த்து, "புள்ளையும் வரட்டும், வாப்பாக்கு விளங்கப்படுத்தலாம்" என்றாள். உம்மாவும் மாமாவும் வெளியே நின்றார்கள்.

வாப்பாவின் காதுகளில் பெரிய கறுப்புக் கருவியை மாட்டினாள். என்னை மேசைக்குப் பக்கத்தில், தன்னோடு இருத்திக்கொண்டாள். "சத்தம் கேட்டாக் கையத் தூக்கணும், கேக்காட்டி சும்மா இரிக்கணும். செல்லு வாப்பாக்கு" என்றாள். நான் கை தூக்கிக் காட்டினேன். வாப்பா தலையாட்டினார்.

மேசையில் ஒரு பெட்டி. அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதில் சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்து போகும். சத்தம் வாப்பாவின் காதுக்குத்தான் போகிறது, எனக்கு வெளிச்சம் மட்டும்தான். நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எதிரே இருந்த வாப்பா என்னைப் பார்த்தார்.

வெளிச்சம் வந்தது. வாப்பா கையைத் தூக்கினார்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. மறுபடியும் தூக்கினார். அந்தப் பெண் தலை நிமிராமல் கடதாசியில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஒருதரம் நெற்றியைச் சுருக்கி வாப்பாவைப் பார்த்தாள், பிறகு புள்ளியை வைத்தாள். வெளிச்சம் வந்தபோதெல்லாம் என் இமை தாழ்ந்திருக்கிறது. வேறு எப்படி இருக்கும்? அந்தக் கதிரையில் வாப்பாவுக்கு உதவிப் பணமும் தெரிந்திருக்காது, ஏஜென்சியும் தெரிந்திருக்காது. அந்நியர் ஒருவர் முன்னால் இருக்கிறோம், மகள் ஓம் என்கிறாள், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து எனக்கு அப்படித்தான் படுகிறது. அன்றைக்கோ, வாப்பா ஒன்றும் பிழைவிடாமல் தூக்குகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

டொக்டர் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு நல்ல செய்தி சொல்கிறவர் போலச் சொன்னார். காதில் பெரிய குறை ஒன்றும் இல்லை, உதவிப் பணத்துக்கு எழுதித் தர முடியாது, வேலை செய்யலாம். வேண்டுமானால் ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கலாம். "சரியா?" என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பா ஓம் என்றார்.

நடையில் வைத்து உம்மா கடதாசியை மாமாவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மாமா வாசித்தார். மாமா ஒரு பகிடியும் விடாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உம்மா வாப்பாவுக்கு நேரே வந்து நின்றார். "அப்ப ஒங்களுக்குக் கேக்கும்? இவ்வளவு காலமும் எனக்கு நடிச்ச நீங்க? செல்லுங்க, கேட்டிச்சா?"

வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் பயந்து உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்றார். "கேட்டிச்சி."

பிள்ளையின் கண்ணைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், உம்மா எங்களை விட்டுப் போனது என்னால்தான் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் உம்மா யன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வாப்பாவுக்குக் காது கேட்கிறதாம். அவரே சொல்லிவிட்டார்.

ஏஜென்சிக்காரர் ஆறு மாதம் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே உம்மா போனார். வேன் வந்து நின்றபோது வாப்பாவிடம் ஏதோ சொன்னார், ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வாப்பா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மாமா கொடுத்துவிட்டுப் போன போனுக்கு உம்மா கோல் எடுத்தார். எங்கள் சுகமெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "வாப்பாட்டக் குடு மகள். அவரோட ஒரு சொல்லுக் கதைக்கணும்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

வாப்பா கிணற்றடியில் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். நான் குசினி வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"வாப்பா, உம்மா எடுத்திரிக்கா!"

அவர் திரும்பவில்லை. இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். கை மட்டும் சட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கூப்பிட்டும் திரும்பிப் பாக்காரில்ல உம்மா. அவருக்கு ஒங்களோட கோவம்" என்று போனில் சொன்னேன்.

உம்மா, "பரவால்ல மகள், உடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வாப்பா சட்டையைப் பிழிந்து உதறிக்கொண்டு திரும்பியபோதுதான் என்னையும் கையிலிருந்த போனையும் கண்டார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி ஓடிவந்தார். "ஆரு மகள்? உம்மாவா? என்ன செல்லிச்சி?" என்று கேட்டு, குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.